நாற்பத்தொரு நாள்

விதி ஐம்பத்து நான்கு, உட்பிரிவு மூன்று:
பதிவு காலாவதியான சிறப்புநிலைச் செவிலியர்
மறுபதிவு கோரும்போது,
இடைப்பட்ட நாட்களில் பணி செய்தாரா என்பதற்கு
ஆம், இல்லை இரண்டில் ஒன்றைக் குறிக்க வேண்டும்.

பதினோரு வருடமாக இந்தக் கட்டங்களைப் பார்க்கிறேன்.
பெரும்பாலும் 'இல்லை'தான் வரும்.
மார்லிஸ் ஓபெர்க் 'ஆம்' என்று குறித்திருந்தார்.
நீல மை. அழுத்தின அழுத்தில் அடுத்த தாளிலும் தழும்பு.
விளக்கத்துக்கு நாங்கள் விட்ட இரண்டு வரி போதாமல்
ஓரத்தில் ஏறி, முத்திரைக்கான வட்டத்தைச் சுற்றி
பின்பக்கம் இறங்கியிருந்தது எழுத்து.

'நவம்பரில் பனி தள்ளும் வண்டி
என் தபால்பெட்டியைக் கம்பத்தோடு பிடுங்கிப் போனது.
ஏப்ரலில் வாய்க்கால் உருகியபோது கிடைத்தது.
உள்ளே விதைக் கம்பெனியின் விலைப்பட்டியல்,
ஊறிப்போன மளிகைக் கூப்பன்,
உங்கள் புதுப்பிப்புக் கடிதம்.
வண்டிக்காரனைக் குற்றம் சொல்லவில்லை.
தேதி எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
கவுண்டியில் யாருக்கு எந்த வாரம் வலி எடுக்கும் என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

பிப்ரவரி பத்தாம் தேதி
மருந்துக்கடைக்காரர் கூப்பிட்டுச் சொன்னார்,
என் எண்ணைக் கணினி ஏற்கவில்லையாம்.
அன்றே நிறுத்திவிட்டேன்.
அதற்குள் நாற்பத்தொரு நாள், மூன்று பிரசவம்.
இரண்டாவது, கால் முன்னால் வந்தது.
மூன்றாவது, நெடுஞ்சாலையை மூடிய இரவில்
ஒரு பிக்கப் வண்டியின் முன்சீட்டில்.
படிவத்தில் 'பணியிடம்' கேட்டிருக்கிறீர்கள்.
மைல்கல் நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதலாமா?'

விதியைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது.
என் மேசையின் அடி இழுப்பறையில்
இன்னொரு கோப்பு இருக்கிறது:
செத்துப்போன ஒருத்தியின் பதிவெண்ணில்
நாலு வருடம் மயக்க மருந்து கொடுத்த மனிதன்.
அதில் இணைத்திருக்கும் படங்களை
மதியச் சாப்பாட்டுக்கு முன் யாரும் எடுப்பதில்லை.

அதனால் கேட்டோம், எல்லாவற்றையும்.
தேசியச் சான்று. மருந்தியல் பயிற்சி மணிக்கணக்கு.
கைரேகை அட்டை இரண்டு முறை திரும்பி வந்தது:
'ரேகை தெளிவில்லை.'
முப்பது வருடம் தேய்த்துக் கழுவிய விரல்கள்.
மூன்றாவது முறை ஷெரீப் அலுவலகத்தில் யாரோ
களிம்பு தடவி, அரைமணி காத்திருந்து
உருட்டி எடுத்தார்களாம்.

இடையில் ஒரு பெண் போன் செய்தாள்.
பெயர் ட்ரினா. எனக்கு ஜூன் பன்னிரண்டு, என்றாள்,
மார்லிஸ் எப்போது வருவார்?
'கோப்பு பரிசீலனையில் உள்ளது' என்பதற்கு மேல்
நான் சொல்லக்கூடாது.
சொன்னேன்.
அவள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.
பின்னால் ஒரு நாய் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

வியாழக்கிழமை விசாரணை.
தலைவர் ரஸ்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
'மூன்றாவதற்காவது
பதிவு உள்ள ஒருவரை அழைத்திருக்கலாமே?'
'அழைத்தேன்' என்றார் மார்லிஸ்.
'தொண்ணூறு மைலில் இருந்தார்.
போனிலேயே எனக்குத் துணை இருந்தார்,
சிக்னல் போகும்வரை.'
சுருக்கெழுத்தாளர் ஷெர்லின் விரலை நிறுத்தி
'சிக்னல்' என்றாரா, 'சிக்கல்' என்றாரா என்று கேட்டாள்.
யாரும் சிரிக்கவில்லை.

தீர்ப்பு: எழுத்துமூலக் கண்டனம்,
ஆயிரத்து இருநூறு டாலர் அபராதம்,
மறுபதிவு அனுமதிக்கப்படுகிறது.
கண்டனம் பொதுப் பதிவேட்டில் இருக்கும்.
யார் வேண்டுமானாலும் அவர் பெயரைத் தட்டினால் வரும்.
அந்தப் பிக்கப் வண்டி வராது.

சான்றிதழைச் சாதாரணத் தபாலில் அனுப்ப வேண்டும் என்பது
விதி ஐம்பத்து ஒன்பது.
போன் செய்யக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை,
தேடிப் பார்த்துவிட்டேன்.
'வருகிறது' என்றேன், 'பெட்டியைப் பாருங்கள்.'
'பெட்டியா?' என்றார். 'இன்னும் நடவே இல்லை.
தபால்நிலையத்தில் போய் நிற்கிறேன்.'

அன்று மே பதினேழு.
ஜூன் பன்னிரண்டுக்கு இருபத்தாறு நாள்.
அந்த ஊருக்குத் தபால் போக நாலு நாள்,
மழை பெய்தால் ஐந்து.